டிவில எந்த நேரத்துல எதைக் காட்டலாம்? குழந்தைங்களை வச்சு அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரு சேனல்ல ஷெட்யூலிங் பக்கம் சில வருஷம் வேலை பாத்திருக்கேன். அதாவது எந்த ப்ரோக்ராம் எத்தனை மணிக்கு, நடுவுல எந்த ப்ரோமோ, எந்த விளம்பரம்னு ப்ளேலிஸ்ட் போடற வேலை. அது தெரிஞ்ச நாள்லேந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், பசங்க ஸ்கூல் பேரண்ட்ஸ்னு எல்லாரும் ஒரே மாதிரி கேள்விகளை கேட்டுட்டே இருக்காங்க. அவங்க கேட்ட மாதிரியே எழுதி எனக்கு தெரிஞ்ச பதிலை கீழ போட்டிருக்கேன். மேல சொன்னதை திரும்ப சொல்லல, அதனால முடிஞ்சா வரிசையா படிங்க.

ராத்திரி 9 மணிக்கு மேலதான் அடல்ட் சீன் போடணும்னு ரூல் இருக்காமே, உண்மையா?

பிரிட்டன்ல உண்மை. அங்க ராத்திரி 9 மணிலேந்து காலைல 5.30 வரைக்கும்தான் பெரியவங்களுக்கான விஷயங்களை காட்டலாம், ஆஃப்காம்னு ஒரு அமைப்பு இதை கண்காணிக்குது. இந்த 9 மணி கோட்டுக்கு வாட்டர்ஷெட்னு பேரு. மலை உச்சில விழற மழை ரெண்டு பக்கமா பிரிஞ்சு ஓடும்ல, அந்த மேட்டுக்கான வார்த்தை அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் குழந்தைங்க, அந்தப் பக்கம் பெரியவங்க.

வேற பல நாட்டுலயும் இதே யோசனைதான், மணியும் பேரும்தான் மாறும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, இது சென்சார் தானே?

இல்ல. சென்சார்னா வெட்டறது, இல்லன்னா தடை பண்றது. இது தள்ளி வைக்கிறது. அதே காட்சி, அதே வசனம், பெரியவங்க பாக்கறதுக்கு ஒரு தடையும் இல்ல, மத்தியானம் 3 மணிக்கு பதிலா ராத்திரி 10 மணிக்கு வருது அவ்வளவுதான்.

நான் இதை ஒரு ஒப்பந்தமாத்தான் பாக்கறேன். இந்த மணி வரைக்கும் குழந்தை தனியா ஹால்ல உக்காந்து பாத்தாலும் பொறுப்பு சேனலோடது, அதுக்கு மேல பொறுப்பு வீட்டுல இருக்கறவங்களோடதுன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கறது. இந்த ஒப்பந்தம் எங்கெல்லாம் ஓட்டையாகுதோ அங்கதான் எல்லா சண்டையும் வருது, கீழ இருக்கற கேள்விங்க பாதி அந்த ஓட்டைங்களைப் பத்தினதுதான்.

எந்த நாட்டுல எத்தனை மணி? ஏன் எல்லாருக்கும் ஒரே மணி இல்ல?

கனடால ராத்திரி 9லேந்து காலைல 6. அமெரிக்கால 10லேந்து 6, அதை சேஃப் ஹார்பர்னு சொல்வாங்க, ஆனா அது ஆன்டெனாவுல வர்ற சேனலுக்கும் ரேடியோவுக்கும் மட்டும்தான், கேபிளுக்கு கிடையாது. ஜெர்மனில வயசைப் பொறுத்து படிப்படியா போகும், 16 வயசுக்கு மேல பாக்க வேண்டியது ராத்திரி 10லேந்து, 18க்கு மேல பாக்க வேண்டியது 11லேந்து, ரெண்டும் காலைல 6 மணியோட முடியும். பிரான்ஸ்ல மணியும் உண்டு, கூடவே ஸ்க்ரீன் மூலைல 10, 12, 16, 18னு வயசு போட்ட வட்டமும் வரும்.

மணி ஏன் மாறுதுன்னா குழந்தைங்க தூங்கப் போற நேரம் எல்லா ஊர்லயும் ஒண்ணு இல்ல. என்னைக் கேட்டா ஜெர்மனி முறைதான் நேர்மையானது. 8 வயசு குழந்தையையும் 15 வயசு பையனையும் ஒரே கோட்டுல நிறுத்தறது சரியா வராது.

இந்தியால இந்த ரூல் இருக்கா இல்லையா? எந்நேரமும் எல்லாம் வர்ற மாதிரிதான் தெரியுது

இருக்கு, ஆனா பிரிட்டன் மாதிரி சட்டத்துலயே மணி போட்டு இல்ல. கேபிள் டிவி சட்டம் 1995ல வந்தது, அதுக்கான விதிகள்ல ப்ரோக்ராம் கோட்னு ஒண்ணு இருக்கு. குழந்தைங்களுக்கு ஏத்ததா இல்லாத நிகழ்ச்சிகளை, குழந்தைங்க அதிகமா பாக்கற நேரத்துல போடக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. அது எத்தனை மணின்னு சொல்லல. அதனால 2011ல சேனல்காரங்க சங்கமே தங்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க, எல்லாரும் பாக்கறது ஜி, கட்டுப்பாடு உள்ளது ஆர், ஆர் வகை ராத்திரி 11லேந்து காலைல 5 வரைக்கும்தான். புகார் கேக்க பிசிசிசினு ஒரு கவுன்சிலும் அந்த வருஷமே வந்துச்சு, தலைமை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி.

எந்நேரமும் எல்லாம் வர்ற மாதிரி தோணுறதுக்கு காரணம், ஆபாசம்னா உடனே கவனிக்கறாங்க, அடிதடி கொடூரம்னா பழகிப்போச்சுன்னு விட்டுடறாங்க. இதை அப்புறம் சீரியல் கேள்வில சொல்றேன்.

'ஏ' சர்டிஃபிகேட் படம்லாம் சாயங்காலமே டிவில வருதே, அது எப்படி?

'ஏ' படம் இந்தியால அப்படியே டிவில வரக்கூடாது, ராத்திரி 2 மணியா இருந்தாலும் சரி. நீங்க பாக்கறது வெட்டி திரும்ப சென்சார் போர்டுக்கு அனுப்பி யூஏ வாங்கின வெர்ஷன். அதான் சில படத்துல கதையே புரியாத அளவுக்கு தாவி தாவி போகும். 2023ல சினிமாட்டோகிராஃப் சட்டத்தை திருத்தினப்ப யூஏவை 7+, 13+, 16+னு மூணா பிரிச்சாங்க, இது ரொம்ப நாளா வேண்டியிருந்த விஷயம்.

9 மணி கோடுன்னா 9 மணி 1 நிமிஷத்துக்கே என்ன வேணா போடலாமா?

கூடாது. பிரிட்டன் விதில இதை தெளிவா எழுதியிருக்காங்க, மாற்றம் சடார்னு இருக்கக்கூடாதுன்னு. 8.30க்கு குடும்பமா ஒரு பாட்டுப் போட்டி பாத்துட்டு இருந்தவங்க 9 மணிக்கு ரிமோட்டை தேடறதுக்குள்ள ரத்தம் தெறிக்கக்கூடாது.

இன்னொண்ணு, அந்த நேரத்துல யார் பாத்துட்டு இருக்காங்கன்றதையும் சேத்துதான் பாப்பாங்க. லீவு நாளா, சனி ஞாயிறா, குழந்தைங்க பாக்கற சேனலா, நடு ராத்திரி சேனலா எல்லாம் கணக்குல வரும்.

ராத்திரி போட்டதையே மறுநாள் மத்தியானம் ரிபீட் போடறாங்களே, அப்ப நேரம் பாத்து என்ன பிரயோஜனம்?

சரியான கேள்வி, இதை ஒருத்தர் கேட்டப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஒவ்வொரு ஒளிபரப்பையும் தனித்தனியாத்தான் பாக்கணும். ராத்திரி 11க்கு போட்டது சரியா இருந்துச்சுன்றதால மத்தியானம் 2 மணிக்கு போட்டதும் சரின்னு ஆகாது. ஒழுங்கா நடத்தற இடத்துல ரெண்டு வெர்ஷன் வச்சிருப்பாங்க, ராத்திரிக்கு ஒண்ணு, பகலுக்கு வெட்டினது ஒண்ணு. தப்பு நடக்கறது எங்கன்னா, ஆள் கம்மியா இருக்கற நாள்ல பகல் வெர்ஷனுக்கு பதிலா ராத்திரி வெர்ஷன் ஃபைலை தூக்கி ப்ளேலிஸ்ட்ல போட்டுடுவாங்க, யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க.

சீரியல்ல ஆபாசமே இல்லையே, அப்ப குழந்தை கூட உக்காந்து பாக்கலாம்தானே?

அடல்ட்னு சொன்ன உடனே நாம எல்லாரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைக்கறோம். ஆனா பெரும்பாலான நாட்டு விதிகள்ல லிஸ்ட் பெருசு. வன்முறை, பயமுறுத்தற காட்சி, தற்கொலையை வழிமுறையோட காட்டறது, போதைப்பொருள், கெட்ட வார்த்தை, அப்புறம் குழந்தை செஞ்சு பாத்துடக்கூடிய ஆபத்தான காரியம், உதாரணத்துக்கு தீ, கயிறு, உயரத்துலேந்து குதிக்கறது.

ஒரு வீட்டுல மூணு மணி நேரம் தொடர்ந்து ஒருத்தர் இன்னொருத்தருக்கு விஷம் வைக்கறது, மருமகளை அறையறது, கர்ப்பிணியை மாடிப்படில தள்றதுன்னு ஓடும், பக்கத்துல அஞ்சு வயசு குழந்தை சாப்பிட்டுட்டு இருக்கும். அதே வீட்டுல ஒரு முத்தக் காட்சி வந்தா உடனே சேனலை மாத்துவாங்க. மாத்தறது தப்புன்னு சொல்லல, ஆனா அந்த மாடிப்படி சீனுக்கும் மாத்துங்க. சின்னக் குழந்தைக்கு கதையோட நியாயம் புரியாது, வில்லி கடைசில தண்டனை வாங்குவான்னு 400 எபிசோட் காத்திருக்க அதுக்குத் தெரியாது, இன்னிக்கு பாத்த அடி மட்டும்தான் அதுக்கு மனசுல நிக்கும்.

குழந்தை பாக்கற படத்துக்கு நடுவுல பேய் ப்ரோமோ வருது, இது யார் தப்பு?

சேனல் தப்பு, சந்தேகமே இல்ல. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஒரு உறுத்தல் உண்டு, நான் வேலை பாத்த இடத்துலயே இது நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழந்தைங்க படம் ஓடிட்டு இருந்தப்ப, ராத்திரி 10.30க்கு வர்ற ஒரு திகில் தொடரோட ப்ரோமோ 20 செகண்ட் போச்சு. தொடர் சரியான ஸ்லாட்லதான் இருந்துச்சு, எபிசோடை பாத்து ஓகே பண்ற டீமும் ஒழுங்காத்தான் பாத்தாங்க. ஆனா ப்ரோமோ வேற டீம் வெட்டறது, இருக்கறதுலயே பயங்கரமான ஷாட்டா பொறுக்கி எடுத்து வெட்டுவாங்க, அதுதான் அவங்க வேலை, அதுக்கு யாரும் வயசு வகை போடல. சாயங்காலம் ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க, பொண்ணு பாத்ரூமுக்கு தனியா போக மாட்டேங்குறான்னு. திட்டவே இல்ல அவங்க, அமைதியா கேட்டாங்க, நான் குழந்தை படம்னு நம்பி தானே போட்டேன், எப்ப ப்ரோமோ வரும்னு நான் எப்படி தெரிஞ்சு ஆஃப் பண்றதுன்னு. எங்க யாருகிட்டயும் பதில் இல்ல.

அதுக்கப்புறம் எல்லா ப்ரோமோவுக்கும் தனியா வகை போட்டு, அந்த வகைக்கு உள்ள நேரத்துக்கு வெளிய ப்ளேலிஸ்ட்ல போட்டா சிஸ்டமே சிவப்பு காட்டற மாதிரி செஞ்சோம். பெரிய செலவு இல்ல, ரெண்டு வாரம் வேலை. நேரக் கட்டுப்பாடு பத்தி பேசறவங்க எல்லாரும் நிகழ்ச்சியைப் பத்தியே பேசறாங்க, குழந்தைக்கு திடீர்னு வந்து அடிக்கறது பெரும்பாலும் இந்த 20 செகண்ட்தான்.

விளம்பரத்துக்கும் நேரக் கட்டுப்பாடு இருக்கா?

இருக்கு, நாட்டுக்கு நாடு வேற காரணத்துக்கு. இந்தியால 2017 டிசம்பர்ல ஆணுறை விளம்பரங்களை காலைல 6லேந்து ராத்திரி 10 வரைக்கும் போட வேண்டாம்னு மத்திய அரசு சேனல்களுக்கு சொன்னாங்க, எதிர்ப்பு வந்ததும் ஆபாசமா எடுத்த விளம்பரத்துக்கு மட்டும்தான் இது, ஆரோக்கிய தகவலா சொல்ற விளம்பரத்துக்கு இல்லன்னு விளக்கம் கொடுத்தாங்க. விளக்கம் வந்தது நல்லது. உடல்நலம் பத்தின தகவலையும் ஆபாசத்தையும் ஒரே மூட்டைல கட்டக்கூடாது.

பிரிட்டன்ல 2019லேந்து லைவ் மேட்ச் நடக்கறப்ப 9 மணிக்கு முன்னாடி சூதாட்ட விளம்பரம் போடறதில்லன்னு கம்பெனிகளே ஒத்துக்கிட்டாங்க. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா இருக்கற சாப்பாட்டு விளம்பரத்துக்கும் 2026 ஜனவரிலேந்து அங்க டிவில 9 மணிக்கு முன்னாடி தடை. வாட்டர்ஷெட் யோசனை எவ்வளவு தூரம் நீண்டுருச்சு பாருங்க.

நியூஸுக்கு இதெல்லாம் கிடையாதா? சாப்பிடற நேரத்துல பிணத்தை காட்டறாங்க

கஷ்டமான இடம் இதுதான். நியூஸை நேரம் பாத்து தள்ளி வைக்க முடியாது, சாயங்காலம் 6 மணிக்கு நடந்த விபத்தை 11 மணிக்கு சொல்றேன்னு சொல்ல முடியாது, மக்கள் தெரிஞ்சுக்கற உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அதனால பொதுவா நியூஸுக்கு சூழ்நிலை பாத்து கொஞ்சம் விட்டுக் கொடுக்கறாங்க. ஆனா விட்டுக் கொடுக்கறதுன்னா விதியே இல்லன்னு அர்த்தம் இல்ல. மங்கலாக்கணும், காட்டறதுக்கு முன்னாடி எச்சரிக்கை சொல்லணும், தேவைக்கு மேல காட்டக்கூடாது.

எனக்கு கோவம் வர்றது அந்த லூப்ல. ஒரு சிசிடிவி காட்சி, 12 செகண்ட், ஒருத்தரை வெட்டறாங்க, அதை ஒரு மணி நேரத்துல முப்பது நாப்பது தடவை, பின்னாடி மியூசிக் போட்டு, வட்டம் போட்டு, ஸ்லோ மோஷன்ல. தகவல் முதல் தடவைலயே முடிஞ்சுபோச்சு. சின்னக் குழந்தைக்கு அது பழைய வீடியோவை திரும்ப போடறாங்கன்னு புரியாது, திரும்பத் திரும்ப புதுசா நடக்குதுன்னு நினைச்சுக்கும். வீட்டுல நியூஸ் சேனல் எந்நேரமும் ஓடற வழக்கம் இருந்தா தயவுசெஞ்சு அதை முதல்ல நிறுத்துங்க, வேற எந்த லாக்கையும் விட இதுக்கு பலன் அதிகம்.

லைவ்ல யாராவது திடீர்னு ஏதாவது பண்ணிட்டா?

2004ல அமெரிக்கால ஒரு பெரிய ஃபுட்பால் இறுதிப்போட்டி இடைவேளை நிகழ்ச்சில இப்படி ஆச்சு, அரை நொடிக்கும் கொஞ்சம் கூட நேரம் ஒரு பாடகியோட மார்பு தெரிஞ்சுது. சேனலுக்கு 5,50,000 டாலர் ஃபைன் போட்டாங்க, வருஷக்கணக்கா கேஸ் நடந்து கடைசில கோர்ட்டு அதை ரத்து பண்ணிடுச்சு. ஆனா அதுலேந்து லைவை சில செகண்ட் தாமதமா அனுப்பற பழக்கம் கூடிப்போச்சு, பட்டன்ல ஒருத்தர் கை வச்சு உக்காந்திருப்பார்.

நாங்க லண்டன்ல இருக்கோம், இந்திய சேனல் பாக்கறோம், எந்த ஊரு நேரம் கணக்கு?

பாக்கறவங்க இருக்கற ஊரு நேரம்தான் கணக்கா இருக்கணும். இந்தியால ராத்திரி 11 மணின்னா லண்டன்ல குளிர்காலத்துல சாயங்காலம் 5.30, குழந்தை ஸ்கூல் முடிச்சு வந்து சோபால உக்கார்ற நேரம். பிரிட்டன்ல லைசன்ஸ் வாங்கின சேனல் அந்த ஊரு 9 மணியைத்தான் பின்பற்றணும், அதுக்குத்தான் தனி ஃபீட், அதாவது அந்த ஊருக்குன்னு தனியா அனுப்பற ஒளிபரப்பு. லைசன்ஸ் இல்லாத பாக்ஸ்லயோ ஆப்லயோ இந்திய ஃபீடை நேரா பாத்தா இந்த பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு கிடைக்காது.

ஒரே நாட்டுக்குள்ளயே இந்த சிக்கல் உண்டு. 2003ல அமெரிக்கால ஒரு போலீஸ் தொடரோட எபிசோட் கிழக்குப் பக்கம் ராத்திரி 10க்கு போச்சு, அதே எபிசோட் நடுப்பகுதி மாநிலங்கள்ல அவங்க நேரப்படி 9க்கு போச்சு. 2008ல அந்த 9 மணி ஸ்டேஷன்களுக்கு மட்டும் ஃபைன் விழுந்துச்சு. அந்த ஃபைனும் அப்புறம் கோர்ட்ல நிக்கல.

ரேடியோவுக்கு?

பிரிட்டன்ல ரேடியோவுக்கு 9 மணி கோடு கிடையாது, குழந்தைங்க கேக்க வாய்ப்பு அதிகமான நேரம்னு பாக்கறாங்க, முக்கியமா காலைல ஸ்கூலுக்கு கார்ல போற நேரமும் திரும்பி வர்ற நேரமும்.

குழந்தை இல்லாத நான் எதுக்கு இதுக்கெல்லாம் கட்டுப்படணும்? என் காசு, என் டிவி

நியாயமான கேள்வி, கோர்ட் வரைக்கும் போன கேள்வி. 1973ல நியூயார்க்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன் மத்தியானம் 2 மணி வாக்குல கெட்ட வார்த்தை நிறைஞ்ச ஒரு நகைச்சுவைப் பேச்சை ஒலிபரப்புனாங்க, மகனோட கார்ல போய்ட்டு இருந்த ஒரு அப்பா புகார் கொடுத்தார். 1978ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு தீர்ப்பு சொல்லுச்சு. ஒளிபரப்பு கேக்காமலே வீட்டுக்குள்ள வருது, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் எட்டுது, அதனால புத்தகத்துக்கு இல்லாத கட்டுப்பாடு இதுக்கு இருக்கலாம்னு.

ஆனா 24 மணி நேரமும் தடைன்னு போனப்ப கோர்ட்டுங்க ஒத்துக்கல, பெரியவங்களுக்கும் நேரம் விட்டாகணும்னுதான் 1995ல அந்த 10லேந்து 6 நிலைச்சுது. உங்களுக்கு கொஞ்சம் காத்திருக்கற கஷ்டம் இருக்கு, ஒத்துக்கறேன். அந்தப் பக்கம் இருக்கறது தானா சேனல் மாத்தத் தெரியாத ஒரு குழந்தை. ரெண்டையும் தராசுல வச்சா எனக்கு எந்தப் பக்கம் இறங்கும்னு தெளிவா தெரியுது.

இப்ப எல்லாமே ஓடிடி, யூட்யூப். இனிமே மணிக்கணக்கு எதுக்கு?

ஓடிடில மணி வேலை செய்யாது, காலைல 7க்கும் எல்லாமே இருக்கும். அதனால நேரத்துக்கு பதிலா பூட்டு. இந்தியால 2021 ஐடி விதிகள் யூ, 7+, 13+, 16+, ஏனு வகை போடச் சொல்லுது, 13+க்கும் அதுக்கு மேலயும் லாக் வசதி கொடுக்கணும், ஏ வகைக்கு வயசு சரிபார்க்கற முறை வேணும். பிரிட்டன்ல கூட கட்டாய பின் நம்பர் கேக்கற சேனல்னா 9 மணி கோட்டுக்கு முன்னாடியே போடலாம்னு தளர்த்தியிருக்காங்க.

இதுல நான் பயப்படற விஷயம் ஒண்ணு இருக்கு. முன்னாடி சொன்ன ஒப்பந்தத்துல சேனல் பக்கம் ஒரு பங்கு இருந்துச்சு. பூட்டு முறைல அந்தப் பங்கு முழுக்க வீட்டுப் பக்கம் தள்ளிடறாங்க, அமைக்கத் தெரிஞ்ச பேரண்டுக்கு பரவால்ல, ரெண்டு ஷிஃப்ட் வேலைக்கு போற அம்மாவுக்கோ, செட்டிங்ஸ்னா என்னன்னு தெரியாத தாத்தாவுக்கோ என்ன பண்றது? மணி எல்லாருக்கும் தானா வேலை செஞ்சுது. வாங்கும்போதே பூட்டு போட்டு இருக்கணும், பெரியவங்க வேணும்னா திறந்துக்கணும், இப்ப பல இடத்துல தலைகீழா இருக்கு.

லாக் போட்டேன், பையன் பின் நம்பரை கண்டுபிடிச்சுட்டான். அப்புறம்?

அவன் பொறந்த வருஷத்தை வச்சிருப்பீங்க. மாத்துங்க, டைப் பண்றப்ப அவன் பாக்காத மாதிரி பண்ணுங்க. குழந்தைக்கு தனி ப்ரொஃபைல் போட்டா பத்தாது, உங்க ப்ரொஃபைலுக்கும் பின் வைக்கணும், அவன் உங்க பேரை அமுக்கி உள்ள போயிடுவான், முக்கால்வாசி வீட்டுல ஓட்டை இங்கதான்.

பதின்வயசு பசங்கன்னா வேற கணக்கு. 18+னு போட்டா ஆர்வம் கூடும்ன்றது அந்த வயசுல நடக்கறதுதான், அமெரிக்கால 90கள்ல பண்ண ஆய்வுலயே வந்துருக்கு. அவங்ககிட்ட பூட்டை விட பேச்சு நல்லா வேலை செய்யும், ஏன் வேணாம்னு காரணம் சொல்லுங்க, "நீ சின்னப் பையன்"னு மட்டும் சொல்லாதீங்க.

கம்ப்ளைன்ட் பண்ணா ஏதாவது நடக்குமா?

நடக்கும், விவரமா இருந்தா. சேனல் பேரு, தேதி, சரியான மணி நிமிஷம், என்ன காட்டினாங்கன்னு ரெண்டு வரி, குழந்தை என்ன பாத்துட்டு இருந்துச்சுன்னு ஒரு வரி. "எப்பப் பாத்தாலும் கண்றாவியா போடறாங்க"ன்னு வந்த மெயிலை வச்சு நாங்க எதையும் தேட முடியாது, "ஞாயிறு 3.42க்கு"ன்னு வந்தா அஞ்சு நிமிஷத்துல ரெக்கார்டிங்கை எடுத்துடலாம். இந்தியால 2021லேந்து மூணு படி. முதல்ல சேனலுக்கு, 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல முடிவு சொல்லணும். திருப்தி இல்லன்னா அதுக்கு மேல சேனல்காரங்களோட சுயகட்டுப்பாட்டு அமைப்பு, அதுக்கும் மேல அரசு. முதல் படியைத் தாண்டாம நேரா மேல போகாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க.

எல்லாம் சரி, என் பொண்ணு ஏற்கனவே பாத்துட்டா. இப்ப என்ன பண்றது?

அவகிட்ட "நீ ஏன் பாத்த"ன்னு கேக்காதீங்க. அதுக்கப்புறம் அடுத்த தடவை பயந்தா கூட உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டா. என்ன பாத்தேன்னு அவ வார்த்தைலயே சொல்ல விடுங்க, நாம நினைக்கற விஷயம் அவளை பாதிச்சிருக்கவே மாட்டுது பல சமயம், வேற ஏதோ ஒண்ணு, அந்த நாய் செத்துப்போச்சேன்ற மாதிரி. சின்னக் குழந்தைன்னா அது நடிப்பு, மேக்கப்னு சொல்றதை விட பக்கத்துல படுத்துக்கறது அதிகமா உதவும். ரெண்டு மூணு வாரம் தாண்டியும் தூக்கம் கெடுது, தனியா இருக்கவே பயப்படறான்னா குழந்தைகள் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அந்த மணி நிமிஷத்தையும் மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுக்கோங்க, மேல சொன்ன கம்ப்ளைன்ட்டுக்கு வேணும்.